பூஜ்யத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் கீழே

விஜயதசமி, 2071. 08:10
வெண்ணாங்கரைப் பாலம், தென்கரைக் காவல் அறை. பதிவு: இதழினி, கண்காணிப்புப் பொறியாளர். பணிக்கு வந்து நான்காவது வாரம். ஆயுத பூஜைக்காக நேற்று அணைத்துவைத்த அளவுக்கருவியை இயக்கினேன். பாலத்தின் தாழ்வு: 0. விளக்கு பச்சை.

11:40
பாலத்தின் நடுவில் லாரிகள் பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல் குலுங்குகின்றன. கருவி 0 என்கிறது. கையேட்டைப் புரட்டினேன். அணைத்து இயக்கினால், அந்த நேரத்து நிலையையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளுமாம். மின்பணியாளர் துரைக்கண்ணு அண்ணனை வாக்கிடாக்கியில் கேட்டேன்.
"வருஷா வருஷம் அணைப்போம் மேடம். மெஷினுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா? ஒம்பது வருஷமா நான்தான் பொட்டு வைக்கிறேன். ஒரு தும்மல்கூட போட்டதில்ல."

14:20
ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, பாலம் கட்டியபோது தூணில் செதுக்கிய குறியிலிருந்து நடுப்பகுதிவரை நானே மட்டம் பார்த்தேன். மூன்று முறை. ஒன்பது சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஏழு சென்டிமீட்டரைத் தாண்டினாலே பாலத்தை மூட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு சென்டிமீட்டரை அழித்திருக்கிறோம்.

15:05
விளக்கு சிவப்பாகாமல் தடுப்பை இறக்க எனக்கு அதிகாரமில்லை. தலைமையகம்: "மெஷின் ஜீரோங்குது. டியூபை நம்பி பண்டிகை நாள்ல ஹைவேயை மூடச் சொல்றீங்களா? நாளைக்கு ஆள் அனுப்பறேன்."

16:30
என் பாப்பாவுக்கு இன்று அம்மா வீட்டில் எழுத்தறிவித்தார்கள். அவளும் அவள் அப்பா பரிதியும் வடகரையிலிருந்து பேருந்தில் வருகிறார்கள். பரிதியை போனில் அழைத்து, பாலத்துக்கு முன்பே இறங்கிவிடச் சொன்னேன்.
"ஹைவேல எங்கடி இறங்குறது? டிரைவர் இல்லாத வண்டி, ஸ்டாப்லதான் கதவு திறக்கும். இவ பொறந்ததுலேருந்து உனக்கு எதைப் பாத்தாலும் பயம்."

17:10
ஆள் குறுக்கே நின்றால் இந்த ஓட்டுநரில்லா வண்டிகள் எல்லாமே நிற்கும். விதி அப்படி. தென்கரை முனையில், சாலை நடுவில் போய் நின்றேன். முதல் லாரி நின்றது. மற்றவை அக்கரையிலேயே நின்றுவிடும் என்று நினைத்தேன்.

17:16
நிற்கவில்லை. இடைவெளி இருக்கும்வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தில் ஏறிக்கொண்டே இருந்தன. சிமெண்ட், இரும்பு, கார்கள். பாலம் நிறைந்துவிட்டது. எப்போதும் ஓடிக்கொண்டிருந்த பாரத்தை நான் நிறுத்திவைத்துவிட்டேன். விலகி ஓடினேன். ஒன்றும் நகரவில்லை. முதல் லாரியின் ஒலிபெருக்கி:
"சாலையில் ஆள் நடமாட்டம். பாதுகாப்பு கருதி வாகனங்கள் முப்பது நிமிடம் நகராது."

17:21
பரிதி: "நடுப்பாலத்துல நிக்குறோம். காத்து சூப்பரா வருது. பாப்பா உன்னைத் தேடறா."
கண்ணாடியை உடையுங்கள் என்று கத்தினேன். சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

17:24
குரல் பதிவு. சுத்தியலோடு ஓடுகிறேன். தார் நீளவாக்கில் பிளந்திருக்கிறது, விரல் நுழையும். பேருந்து தெரிகிறது. ஜன்னலில் அவள். பத்து வண்டி தள்ளி.
என் எடை ஐம்பத்திரண்டு கிலோ. பாரக் கணக்கில் அதையும் சேர்த்துக்—