ஹாலியோட மடு

ஓரின்,

மான்கறிக் குழம்பு அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்கோ. டிரக்கை நான் எடுத்துட்டுப் போறேன். கார் சாவி ரொட்டி டப்பா மேல இருக்கு.

டென்வர்லேருந்து மீன் பிடிக்க வர்றவர் காலையில வருவார். ட்ரவுட் மீனுக்கு எங்க போகலாம்னு கேட்டா, பாலத்துக்குக் கீழ பிட்டர்ரூட் ஆத்துல எவ்வளவோ நல்ல தண்ணி இருக்கு, அதைக் காட்டு. நம்ம மடுவைச் சொல்லித் தொலைக்காதே.

தூண்டில் கடையில நீ பெருமைக்கு உளறினதுலேருந்து மடுக்கரையில தினமும் வண்டி நிக்குது. நம்ம பொண்ணு ஹாலியோட சாம்பலைக் கரைச்ச தண்ணியில நின்னுக்கிட்டு, யார் யாரோ இறகுல செஞ்ச பொய்ப்பூச்சி கட்டின தூண்டிலை வீசுறாங்க. நீ வேணும்னே சொல்லலைன்னு தெரியும். ஆனாலும் மனசு ஆறல.

முதல்ல இறங்கினவங்க இருக்கிற மடுவுல மீன் பிடிக்க வர்றவங்க வேற யாரும் இறங்க மாட்டாங்கல்ல? அதான் விடியறதுக்கு முன்னாடியே போய் நின்னுக்கப் போறேன். தூண்டில் எடுத்துக்கல.

கிரெட்டா

பி.கு.: நேத்தும் போய் நின்னேன். ஒருத்தன் கரையிலேருந்து, "ஏதாவது மாட்டுச்சாம்மா?"ன்னு கேட்டான். "இங்க ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு என்னால அழுகையை அடக்க முடியல.

மதியத்துக்குள்ள எனக்குக் கால் மரத்துப்போயிடும். சாப்பிட்டுட்டு நீ வந்து நில்லு.