முப்பத்தைந்து டிகிரிப் பெட்டி

மார்ச் 4
முட்டை எண்ணி எண்ணிக் கண் பூத்துவிட்டது. செடியைத் தின்னும் சிலந்திப்பேனின் முட்டை உருண்டை. அதை வேட்டையாட எங்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் பேனின் முட்டை நீள்வட்டம். இருபத்தேழு டிகிரிச் சூட்டில் வைத்த பெட்டியில் ஒரு பெண்பேனுக்கு ஒரு நாளைக்கு நான்கு. முப்பத்தைந்திலும் நான்கா? நம்ப முடியவில்லை.

மார்ச் 6
நம்பாதது சரிதான். பெட்டி பழுது. முகப்பில் முப்பத்தைந்து காட்டுகிறது; உள்ளே வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இருபத்தெட்டு. மேலாளரிடம் சொன்னேன்.
"மறுபடி முதல்லேர்ந்தா? வெயிலுக்கு முன்னாடி பேன் விற்பனைக்குப் போகணும். முகப்புல இருக்கிறதை எழுதும்மா."
எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

மார்ச் 19
அக்கா போன். அத்தானின் பசுமைக்குடிலில், வெள்ளரிக்கு மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் பேனை விடப் போகிறார்களாம். "வெயில்லயும் முட்டை வைக்குமாமே! நீ எண்ணினதுதானே, அப்புறம் என்ன பயம்?" என்று சிரித்தாள்.
'ம்' என்றேன். எதற்கு அந்த 'ம்'?

ஏப்ரல் 21
வெளியே நாற்பது.

ஏப்ரல் 27
போய்ப் பார்த்தேன். குளிர்விசிறி ஓடியும் குடிலுக்குள் முப்பத்தாறு. இலையெல்லாம் வெளுத்து, நுனிகளில் வலை. லென்ஸ் வைத்து முப்பது இலை பார்த்தேன். உருண்டை முட்டைகள் கொட்டிக் கிடக்கின்றன. நீள்வட்டம் இரண்டே இரண்டு, அதுவும் வற்றிச் சுருங்கி. இந்தச் சூடு சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம். எங்களுடையது முட்டையிடுவதையே விட்டுவிட்டது.
அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நாங்கதான் ஏதாவது தப்புப் பண்ணிட்டோமாம்மா?"
ஐயோ, என்னைப் போய்க் கேக்கறாரே. என்னைப் போய்!

ஏப்ரல் 28
போனில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "தெரிஞ்சேவா?" — அவ்வளவுதான் கேட்டாள். வைத்துவிட்டாள்.

மே 2
பேன் வாங்கிய மற்ற பதினொரு பேருக்கும் உண்மையை எழுதி அனுப்பினேன். மாலைக்குள் மேலாளருக்குத் தெரிந்துவிட்டது. "நாளைலேர்ந்து வராதே."

மே 9
அக்கா போனை எடுக்கவில்லை.

மே 15
கூப்பிடாமலே போனேன். அத்தான் என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய்விட்டார். அக்கா குடிலில் காய்ந்த கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வரிசையில் நானும் குனிந்தேன். மதியம்வரை பிடுங்கினோம். பிறகு தன் கையுறைகளைக் கழற்றி என் பக்கம் எறிந்தாள்.
"போட்டுக்கோ. சுணை அரிக்கும்."
அவள் வெறுங்கையோடு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.