முனாபின் காபரேட்டர்

சாய்ந்தமருது
02.02.2024

அன்புள்ள சாலிஹ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கூட்டாளி, என் கணவர் முனாப் மௌத்தாகி இன்றோடு இருபத்து நான்கு நாள். நானும் மகள் அப்னாவும் இருக்கிறோம், சுகம் என்றுதான் எழுத வேண்டும். கணவன் போய் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆணோடு போனில் கதைக்கக் கூடாது என்று உம்மா காவல் நிற்கிறா. எழுதுவதைப் பற்றி உம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனால் உங்கள் மனைவி றினோஸாவின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். அவள் கொண்டுவந்த கஞ்சியை அப்னா இரண்டு கோப்பை குடித்தாள்.

பொலிஸ் பைக்கைத் திருப்பித் தந்துவிட்டது. பின்வளவில் நிற்கிறது. நீங்கள் இருவரும் ஒரே கிழமையில் வாங்கிய அதே 79ஆம் ஆண்டு 125. மட்காட்டும் கால்மிதியும்தான் வளைந்திருக்கின்றன. மனிதரைத் தூக்கியெறிந்த லொறி இரும்பை விட்டுவிட்டது.

தம்பி நஸீம் உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது. ஐந்து நிமிடம் நல்ல பிள்ளையாக ஓடுகிறது. வேகத்தைக் குறைத்ததும் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. பிறகு கீழே பெற்றோல் சொட்டுகிறது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். நஸீமுக்குப் பைக்கில் பெற்றோல் ஊற்ற மட்டுந்தான் தெரியும். நானே பார்க்கிறேன். எனக்கு இப்போது வேறென்ன வேலை?

ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். அப்னாவிடம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, “உன்ட வாப்பா ரோட்டப் பாக்காம உட்டுத்தானே மௌத்தானாரு” என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஆனால் சந்தியில் கடை வைத்திருக்கும் கச்சிமுகம்மது அப்பா நஸீமிடம், “திரும்பக்குள்ள பைக் நடுரோட்டுல நிண்டுட்டு மனே. ரெண்டு தரம் உதச்சாரு, நான் கண்டன்” என்று சொன்னாராம். பைக்கில் பழுதில்லை என்று விசாரணையில் நீங்கள் சொன்னீர்கள். கராஜ்காரருக்குத் தெரியாததா? அந்தக் கிழவரின் கண்ணை யார் நம்புவார்கள்? இருந்தாலும் என் மனம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நதீரா

&nbsp;

அக்கரைப்பற்று
07.02.2024

அன்புத் தங்கச்சி நதீராவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கண்டேன், கவலையாக இருக்கிறது. இத்தாவில் இருக்கிற நீங்கள் ஸ்பெனரும் கையுமாக நின்றால் ஊர் என்ன சொல்லும்? இத்தாவில் வாசனை கூடாது, பெற்றோல் மணமும் வாசனைதான் என்று உங்கள் உம்மா சண்டைக்கு வரப் போகிறா.

அடிபட்ட பைக் ஒழுங்காக ஓடாதுதான். இது விபத்துக்குப் பிறகு வந்த கோளாறு. எயார் பில்டரைக் கழற்றித் தட்டுங்கள். காபரேட்டரின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை முழுக்க இறுக்கி, ஒன்றரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பிளக்கைத் துடையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் விட்டுவிடுங்கள். காபரேட்டரைத் திறக்கவே வேண்டாம், உள்ளே நுணுக்கமான சாமான்கள் இருக்கின்றன. நான் வாகனம் அனுப்பி ஏற்றிக்கொள்கிறேன்.

பிள்ளையிடம் எல்லாம் களா கத்ர், அல்லாஹ் எழுதிய விதி என்று சொல்லிக்கொடுங்கள். முனாபுக்கு அவசரம் கொஞ்சம் கூடத்தான். எத்தனை தரம் நானே ஏசியிருப்பேன்.

உங்கள் சகோதரன்,
சாலிஹ்

&nbsp;

சாய்ந்தமருது
16.02.2024

சாலிஹ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பில்டரைத் தட்டினேன், ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன், பிளக்கைத் துடைத்தேன். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. பிறகு நீங்கள் வேண்டாம் என்ற வேலையைச் செய்தேன். கோபிக்க வேண்டாம்.

போன வருடம் முனாப் காபரேட்டரைக் கழற்றி, என் சோற்றுப் பானையில் தேசிக்காய்ச் சாறு ஊற்றி அவித்தார். அன்று நடந்த சண்டை அடுத்த வீட்டுக்கும் கேட்டது. பானை பாழானது, காபரேட்டர் புதுப் பவுன் போல வந்தது. டோச் லைற் பிடித்தவள் நான். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நேற்று நான் கழற்றியது கறுத்துக் கிடந்தது. அடிக்கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே மிதக்கும் பித்தளைப் புளோட்டின் அடியில் பெரிய ஈய ஒட்டு. குலுக்கினால் உள்ளே பெற்றோல் சத்தம். சுடுநீரில் அமிழ்த்தினேன். ஒட்டின் ஓரத்திலிருந்து குமிழி வந்தது. மிதக்க வேண்டியது தாழ்ந்தால் பெற்றோல் நிற்காமல் வந்து எஞ்சினை மூடும். ஓடும்போது சமாளிக்கும், திரும்புவதற்கு வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். நான் சொல்வது சரிதானே?

அந்த ஒட்டை எனக்குத் தெரியும். எங்கள் மேசையில் கொத்துரொட்டி தின்றுகொண்டு, “என்ட புளோட் ஓட்ட மச்சான், ஈயத்த ஊத்தி ஒட்டிட்டன்” என்று சொல்லிப் படமும் காட்டினீர்கள். முனாப் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

விபத்துக்கு நான்கு நாளைக்கு முன்னர் சேர்விஸுக்கு உங்களிடம்தான் பைக்கை விட்டார். உங்கள் காபரேட்டர் எங்கள் பைக்குக்கு எப்படி வந்தது? நான் பிழையாக நினைத்திருந்தால் சொல்லுங்கள். பிழையாக இருக்க வேண்டும் என்றுதான் இரவெல்லாம் துஆ கேட்டேன்.

நதீரா

&nbsp;

அக்கரைப்பற்று
25.02.2024

தங்கச்சி,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஓம், மாற்றியது நான்தான்.

ஜனவரி பதின்மூன்றாம் திகதி பொத்துவிலில் பழைய பைக்குகளின் ஊர்வலம் இருந்தது. கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். என் பைக் வழியில் நின்றால் கராஜ்காரனுக்கு என்ன மரியாதை? ஒரு கிழமைக்கு என்று நினைத்து மாற்றினேன். கேட்டிருந்தால் முனாப் கழற்றியே தந்திருப்பான். கேட்க வெட்கமாக இருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் திகதி அவன் போன் எடுத்தான். “மச்சான், நிப்பாட்டினா பெற்றோல் சொட்டுது, ரெண்டு தரம் நிண்டும் போச்சு” என்றான். “அது புதுக் கேஸ்கட், ரெண்டு நாளையில சரியாகிரும், பயப்படாம ஓட்டு” என்று சொன்னேன். அடுத்த நாள்தான் அது நடந்தது.

எனக்கும் மூன்று பிள்ளைகள். இது வெளியே வந்தால் கராஜை மூட வேண்டியதுதான். றினோஸாவுக்குக்கூடத் தெரியாது. உங்கள் காபரேட்டரை இத்துடன் அனுப்புகிறேன், பழையதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சொல்லிப் போன உயிர் வராது. அல்லாஹ்வுக்காக என்னை மாப்புச் செய்யுங்கள்.

சாலிஹ்

&nbsp;

சாய்ந்தமருது
01.03.2024

சாலிஹ் அவர்களுக்கு,

அவர் உங்களிடம் கேட்டிருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பைக் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் பயப்படாதே என்றீர்கள், அவர் பயப்படவில்லை. வாப்பா சொன்னாலும் இரண்டு தரம் யோசிக்கிற மனிதர், உங்கள் சொல்லை யோசிக்காமல் நம்பினார்.

காபரேட்டரை மாற்றியதைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். மனிதனுக்குப் பவுசு ஆசை வரும். ஆனால் விசாரணையில் அவர் மீதே பழியைப் போட்டீர்கள். பத்தாம் திகதி அடக்கினீர்கள், பதின்மூன்றாம் திகதி பொத்துவில் ஊர்வலத்தில் போனீர்கள். அந்தப் படத்தை றினோஸா விபரம் தெரியாமல் எனக்குக் காட்டினாள். அவருடைய காபரேட்டர்தான் உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் பள்ளிவாசல் மைக்கில் நின்று, “முனாப் ஆருக்காவது பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க” என்று நீங்கள்தான் சனங்களிடம் கேட்டீர்கள். வீட்டுக்குள் இருந்த எனக்கு அது கேட்டது. கூட்டாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மாப்புக் கேட்கிறீர்கள். அது முனாபின் ஹக்கு, அவருக்கு மட்டுமான உரிமை, அதை நான் எடுத்துக் கொடுக்க முடியாது. என் பங்கு என்று ஒன்று இருந்தால், தரமாட்டேன்.

பழையதைத் திருப்பி அனுப்பமாட்டேன். அதையும் உங்கள் கடிதத்தையும் இன்று காலை நஸீம் விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டான். இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. றினோஸா வாசித்துவிட்டே உங்களிடம் தரட்டும். உங்கள் பிள்ளைகளுக்காக மனம் நோகிறது, ஆனால் என் பிள்ளையின் வாப்பாவை விற்று அவர்களைக் காப்பாற்ற என்னால் முடியாது.

நேற்று அப்னாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். “வாப்பா பாத்துத்தான் போனவரு, என்னம்மா?” என்றாள். ஓம் மகள், பார்த்துத்தான் போனார் என்றேன். இருந்த சோற்றையெல்லாம் சாப்பிட்டாள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

முனாப் நதீரா