ஆலா போகும் பக்கம்

தூத்துக்குடி வடக்குக் கடற்கரை
ஞாயிற்றுக்கிழமை, 19-1-1975

அன்புள்ள அத்தானுக்கு அல்போன்சா எழுதிக்கொள்வது.

பனிமய மாதாவின் காவலில் நானும் பிள்ளையும் சுகம். பம்பாய்க் குளிர் உங்கள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் கம்பளி வாங்காமல்தான் இருப்பீர்கள். முதலில் அதை வாங்குங்கள். புன்னைக்காயலில் இருந்து அம்மா வந்து போனாள். மாமாவுக்கு ஒரு கவுளி ஆத்தூர் வெற்றிலை கொண்டுவந்தாள். மாமா அதை ஈரத்துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு வெற்றிலைகூடக் கிடைக்கவில்லை.

இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். யாவரும் என்று எழுதக் கை வரவில்லை.

போன புதன்கிழமை இன்னாசித் தம்பி ஓட்டிப்போன வள்ளம் கரைக்கு வரவில்லை. பயப்படாதீர்கள், உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார், கூடப் போனவர்களும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு லாஞ்சு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. தந்தி அடிக்கத் தபாலாபீஸ் வாசல் வரை போனேன். தந்திச் சேவகனைக் கண்டதும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று திரும்பிவிட்டேன்.

நடந்தது இதுதான். அன்று சாயங்காலம் கடலில் பனி இறங்கி மூடல் விழுந்துவிட்டது. கரையும் தெரியவில்லை, துறைமுக விளக்கும் தெரியவில்லை. இந்தத் துறையில் எல்லோரும் செய்வதைத்தான் தம்பியும் செய்தார். பாயைச் சுருக்கிவிட்டு ஆலாப் பறவைகள் வரக் காத்திருந்தார். பொழுது சாய்ந்தால் ஆலாக்கள் நம் தீவில் அடையத் திரும்பும், அவற்றின் பின்னாலேயே போனால் தீவு, தீவில் இருந்து மேற்கே திருப்பினால் வீடு. நீங்கள் பிறந்ததில் இருந்து கேட்ட பாடம். அவை வந்தன, கொஞ்சமாக. தம்பி பின்னால் போனார். தீவு வரவே இல்லை. விடிந்து பார்த்தால் வள்ளம் எங்கேயோ தெற்கே, முன்பின் காணாத மணல்திட்டில் தட்டிச் சுக்கான் உடைந்து கிடந்ததாம். திட்டு முழுக்க ஆலா உட்கார்ந்திருந்ததாம்.

உதடெல்லாம் வெடித்துப்போய் வந்தவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஆலா போன பக்கந்தான் நானும் போனேன் மதினி. நான் வழி தப்பல."

கிறிஸ்துமஸ் லீவில் ஜெபசிங் சார் வந்திருந்தார். நாசரேத்தில் இருந்து வருஷம் தவறாமல் வந்து, மாமா வள்ளத்தில் தீவுக்குப் போய் ஆலாக்களை எண்ணுகிற காலேஜ் வாத்தியார்தான். சின்ன வயதில் நீங்கள் அவருடைய பைனாகுலரைத் தண்ணீரில் போட்ட கதையை இந்தத் தடவையும் சொல்லிச் சிரித்தார். ஆனால் தீவுக்குப் போய்விட்டு வந்த பிறகு சிரிக்கவில்லை. "முன்னாடி எண்ணவே முடியாதும்மா, குத்துமதிப்பா ஆயிரம் ஆயிரமாத்தான் எழுதுவேன். வருஷா வருஷம் கொறஞ்சு, இப்போ ஒரு காப்பி குடிக்கதுக்குள்ள ஒண்ணொண்ணா எண்ணி முடிச்சிட்டேன்" என்றார். தீவைச் சுற்றியிருந்த பவளக்கல்லைச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், தடுக்கக் கல் இல்லாமல் அலை மணலைத் தின்கிறது, ஆலா அடைகிற இடத்தில் இப்போது தண்ணீர் ஏறுகிறது என்றார். மிஞ்சியவை வேறு இடம் தேடத் தொடங்கிவிட்டன என்றும் சொன்னார். நம் வீட்டுச் சுவரில் பூசியதும் அந்தக் கல்தான், யாரைக் குற்றம் சொல்ல?

மாமா அவரிடம், "ஆலா எங்கயும் போவாது சார். இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம் வரும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். சார் அதைப் பறவைக்கு வந்த கேடாக நினைத்தார். மாமா அதைச் சாருடைய வீண் கவலையாக நினைத்தார். அது நம் வள்ளத்துக்கும் வந்த கேடு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று கேட்ட எனக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் ஒன்றை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வள்ளம் கரை தட்டியதும் வழி காட்டிய கூலி என்று மாமா முதல் மீனை ஆலாவுக்கு எறிவாரே, நான் கல்யாணமாகி வந்த புதிதில் அது மணலில் விழாது, பாதியிலேயே கொத்திக்கொண்டு போய்விடும். இப்போது விழுந்து கிடக்கிறது. காக்காய்தான் தூக்குகிறது. புரையோடிய கண்ணுக்குக் காக்காயும் ஆலாவும் ஒன்றுதானே, மாமா திருப்தியாக வீட்டுக்கு வந்துவிடுவார்.

இப்போது என் பயம் வேறு. தம்பி குடித்துவிட்டு வழி தவறியதாக மாமா துறை முழுக்கச் சொல்கிறார். "ஆலா பொய் சொல்லாதுலே, நீதான் சொல்லுத" என்று முகத்துக்கு நேரே திட்டினார். சுக்கான் சரியாகிவிட்டது, தானே போய் மூடலுக்குள் இருந்து ஆலா பார்த்து வந்து காட்டப்போகிறாராம். நான் குறுக்கே பேசியதற்கு, ஆற்றுமுகத்தில் பிறந்தவளுக்குக் கடல் என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டார். மூடல் விழுந்தால் அப்பா சொன்னபடி ஆலாவைப் பார்த்து வா என்று நீங்கள் தம்பிக்கு எழுதிய கடிதத்தை எடுத்து என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அறிந்த கடல் அப்படித்தான் இருந்தது.

அத்தான், மாமா உங்கள் சொல்லைத் தவிர யார் சொல்லையும் கேட்கமாட்டார். உடனே ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஆலா வழி மாறிவிட்டது என்று எழுதுங்கள். ஜெபசிங் சார் சொன்னார், அல்போன்சா சொன்னாள் என்று எழுதாதீர்கள். நீங்களே சொல்வதாக எழுதுங்கள்.

திங்கட்கிழமை, பொழுது சாயும் நேரம்

கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. மாமா இன்று விடியுமுன்பே வள்ளத்தைத் தள்ளிவிட்டார். கோபத்தை விழுங்கிக்கொண்டு தம்பியும் ஏறிக்கொண்டார். அப்பாவைத் தனியே விடவா மதினி என்று கேட்டார். குடிதண்ணீர் ஒரு குடம் கூடுதலாக ஏற்றிவிட்டேன்.

மத்தியானத்தில் இருந்து கடல்மேல் மூடல். மற்ற வள்ளங்கள் அதற்கு முன்பே கரை சேர்ந்துவிட்டன. அத்தை கோயிலில் இருக்கிறார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் கரையில் நின்றேன். கொஞ்ச நேரம் முன்னால் ஆலாக்கள் போயின. எண்ணிவிடக்கூடிய அளவுக்குத்தான் இருந்தன. நான் எண்ணவில்லை, எந்தப் பக்கம் போகின்றன என்றுதான் பார்த்தேன். ஒன்றுகூடத் தீவுப் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் தெற்கே போயின.

அந்த ஒரு வரியை எப்படியும் எழுதுங்கள் அத்தான். உங்கள் கடிதம் வந்து சேரும் நாளில் அதைக் கையில் வாங்க மாமா கரையில் இருக்கவேண்டும். அதற்காக நீங்கள் அங்கே முழந்தாளிடுங்கள், நான் இங்கே முழந்தாளில்தான் இருக்கிறேன்.

உங்கள் மூவரையும் மாதாவின் கையில் ஒப்புவிக்கும்,
அல்போன்சா