மூன்று கரண்டி சோப்புத்தூள்

மார்ச் 3, செவ்வாய்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த நோட்டைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

எங்கள் கடையின் இணையப் பக்கத்தில் போன மாதம் நான் 'எழுதிய' முதல் பதிவு நான் எழுதியதே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு வாஷிங் மெஷின் ரிப்பேர் கடையின் பக்கத்திலிருந்து அப்படியே தூக்கிப் போட்டது. விரலை அழுத்திப் பிடித்து இழுத்தால் நகல் எடுக்கலாம் என்று மகள் காட்டித் தந்திருந்தாள். நானும் மேலிருந்து கீழே கடைசி எழுத்து வரை இழுத்துவிட்டேன். கடைசியில் அவர்கள் கடையின் போன் நம்பர் இருந்தது. அதுவும் சேர்ந்தே வந்துவிட்டது.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் அந்தக் காலத்தில் காப்பியடிக்கும்போது பக்கத்தில் இருந்தவள் பெயரையும் சேர்த்து எழுதியதில்லை. அந்தக் குறையும் ஐம்பது வயதில் தீர்ந்தது.

இன்று அந்தக் கடைக்கார அம்மாவே கூப்பிட்டாள்.

"உங்க பக்கத்தைப் படிச்சுட்டு எனக்கு நாலு மெஷின் வந்துச்சும்மா. நன்றி சொல்றதா, சண்டை போடறதான்னே தெரியல."

"நன்றியை முதல்ல சொல்லிடுங்க. சண்டைன்னா உக்காந்து கேக்கறேன்" என்றேன்.

சிரித்தாள், புண்ணியவதி. நாலில் ஒருவர் எங்கள் தெருக்காரராம், அவருக்கு எங்கள் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிட்டாளாம். "அது நானும் எழுதினதில்ல. யாரோ எழுதிக் கொடுத்தது, எனக்கே பாதி புரியாது. நீங்க உங்க வீட்டுல நடக்கறதை எழுதுங்களேன்" என்றாள்.

அவள் வீட்டு மெஷின் என்றைக்கும் மக்கர் பண்ணாமல் இருக்கட்டும்.

மார்ச் 4, புதன்

இவ்வளவு அவசரம் எதற்கு என்று எழுதி வைக்கிறேன்.

குழாய் பதிக்கிறோம் என்று கடை வாசலை எட்டு மாதம் தோண்டிப் போட்டார்கள். போன வருஷக் கடைசியில் குழியை மூடியாயிற்று. ஆனால் ஆட்களின் கால்கள் எங்கள் கடைக்கு வரும் வழியை மறந்துவிட்டன. என் வீட்டுக்காரர் காலையில் ஷட்டரைத் தூக்குவார், ஸ்க்ரூ டிரைவர்களை உயரவாரியாக அடுக்குவார், சாயந்திரம் ஷட்டரை இறக்குவார்.

இப்போது ஒரு மெஷின் கம்பெனியிலிருந்து அவருக்கு வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. எட்டு மணி நேர ரயில் பயணம். அங்கேயே தங்க வேண்டும். மாதம் ஒரு தடவைதான் வீடு. முப்பத்தொன்றாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"போகத்தான் போறீங்களா?"

"கடைக்கு ஆள் வந்தா நான் ஏன் போகப் போறேன்?"

அந்தக் கடிதத்தை நாலாக மடித்துப் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்துப் படிக்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் எனக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதியவர் இல்லை. எவனோ எழுதின கடிதத்துக்கு இந்தக் கொஞ்சல்.

கேலி எல்லாம் சரி. அவர் இல்லாத வீட்டில் நான் யாரைக் கேலி பண்ணுவேன்?

மார்ச் 9, திங்கள்

மூன்று நாளாகப் பேனாவைக் கடித்ததுதான் மிச்சம். எனக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்? என் திருட்டுத்தனம் ஒன்றுதான் தெரியும். அதையே எழுதிவிட்டேன் — 'நான்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'ஒரு அம்மா' என்று போட்டு.

'ஒரு வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாள். சோப்புத்தூள் ஒரு கரண்டி போதும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. அவள் மூன்று போடுவாள். நுரை பொங்கினால்தான் அவளுக்குத் துவைத்த மாதிரி இருக்கும். துண்டு அட்டை மாதிரி விறைக்கும், மெஷினுக்குள் நாற்றம் வரும். வீட்டில் கேட்டால், மெஷின் சரியில்லை என்பாள்.'

முழுக்க உண்மை. அந்த நாற்றத்துக்காகவே இவர் கதவு ரப்பரை இரண்டு தடவை மாற்றிவிட்டார், தயாரித்த கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

மார்ச் 10, செவ்வாய்

மகள் பிழை திருத்திப் பக்கத்தில் ஏற்றினாள்.

"அம்மா, முற்றுப்புள்ளின்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"எல்லாத்தையும் நானே வச்சுட்டா உனக்கு என்னடி வேலை?"

வேலை முடிந்து களைத்துப்போய் வந்து, அம்மாவின் கிறுக்கலுக்கு முன்னால் உட்கார்கிறாளே, அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். இந்தத் தடவை எங்கள் நம்பர்தானா என்று மூன்று முறை சரிபார்த்தோம்.

மார்ச் 12, வியாழன்

யாரும் வரவில்லை. ஒரு பூனை வந்தது, பார்த்துவிட்டுப் போனது.

மார்ச் 16, திங்கள்

ஐயோ, என்ன சொல்ல!

காலையில் தையல்காரர் வந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. "என் சம்சாரத்தைப் பத்தி ஊருக்கே எழுதிட்டீங்களே, இது நியாயமா?" நான் விழித்தேன். அவர் வீட்டிலும் மூன்று கரண்டியாம்! "சரி, எழுதினது எழுதியாச்சு. வந்து மெஷினைப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

அவர் படி இறங்குவதற்குள் எதிர்வீட்டு டீச்சர் வந்துவிட்டாள். "அக்கா, சத்தியமா நான் ரெண்டுதான் போடறேன். மூணுன்னு எழுதிட்டீங்க." அவள் வீட்டிலும் அதே நாற்றம். மத்தியானம் வந்த பல் டாக்டர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, "அம்மான்னு போட்டு என் பேரைக் காப்பாத்தினதுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றார். அவர் நாலு கரண்டியாம்.

மறுக்கலாமா என்று யோசித்தேன். மறுத்தால் அந்த அம்மா யார் என்று கேட்பார்கள். பேசாமல் மூன்று பேர் விலாசத்தையும் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 20, வெள்ளி

ஒன்பது வீடுகள் ஆகிவிட்டன. இவர் மத்தியானச் சாப்பாட்டை மூன்றரை மணிக்குச் சாப்பிடுகிறார். கையெல்லாம் கறுப்பு. எனக்கு அந்தக் கறுப்பைப் பார்க்கக் கண் நிறைந்துவிட்டது — வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "ஆமா, அந்த மூணு கரண்டி அம்மா யாரு? நம்ம கஸ்டமரா?"

"ரொம்ப நாள் கஸ்டமர்."

கொஞ்ச நேரம் எங்கள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்த அம்மாவைப் பாத்தா சொல்லு. ரப்பரை இன்னொரு தடவை மாத்த என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மார்ச் 25, புதன்

கடிதம் இன்னும் பாக்கெட்டில்தான் இருக்கிறது. கேட்கப் பயம். எடுத்துப் படிக்க அவருக்கு நேரமில்லை என்பது மட்டும் ஆறுதல்.

மார்ச் 28, சனி

பாலத்துக்கு அந்தப் பக்கத்து அம்மாவுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். "அடுத்து என்ன எழுதப் போறீங்க? சொல்லுங்க, இந்தத் தடவை நான் காப்பியடிக்கறேன்" என்கிறாள். தாராளமாக என்றேன். நம்பரையும் சேர்த்துப் போடச் சொன்னேன்.

மார்ச் 30, திங்கள்

காலையில் இவர் தன் துணிகளைத் தானே கொண்டுவந்து மெஷினில் போட்டார். இருபத்தாறு வருஷத்தில் இதுவும் முதல் தடவை. சோப்புத்தூள் ஒரே ஒரு கரண்டி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"பாக்கெட் எல்லாம் பாத்தீங்களா?" என்றேன். வருகிறவர்களிடமெல்லாம் அவர் கேட்கிற கேள்விதான்.

"பாத்தேன் பாத்தேன்" என்றவர், பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அரை மணி கழித்துக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பேண்டோடு சேர்ந்து வெள்ளைத் தாள் துணுக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றில் கம்பெனி முத்திரையின் நீல மை தெரிந்தது. நாலாக மடித்த தாள் கூழாகி வடிகட்டியை அடைத்துக்கொண்டது. தண்ணீர் இறங்கவில்லை. மெஷின் நின்றுவிட்டது.

கடைக்குப் போன் செய்தேன். இவர்தான் எடுத்தார், மெக்கானிக் குரலில். விலாசம் கேட்டார், சொன்னேன். எனக்கு முன்னால் ஆறு வீடுகள் இருக்கின்றனவாம். புதன்கிழமைக்கு முன்னால் வர முடியாதாம்.