மேல் துளைக்குக் குட்டை போல்ட்

9.6.86, திங்கள்

விடியலிலிருந்து மழை. தாராவி மெயின் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பட்டறைக்கு அரை மணி லேட்.

துபாயிலிருந்து கப்பலில் வந்த ஜப்பான் கார் ஒன்று. ஓட்டத்தில் திடீரென்று அணைந்துவிடுகிறது. எஞ்சின் சென்சார் போய்விட்டதாம். பதினோரு வருஷத்தில் அந்தச் சாமானை நான் தொட்டதில்லை. எனக்குத்தான் கிடைக்கும் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி காதர் பாய்: "வே மணி, நீரு கழட்டிக் குடும். செல்வராஜ் மாட்டட்டும். துபாய்ல வேல பாத்த கை."

செல்வராஜ் சேர்ந்து மூன்றே மாதம். கழற்ற நான், மாட்ட அவன்.

கழற்றினேன். இரண்டு போல்ட். தலை ஒன்றுபோல. மேல் துளைக்குக் குட்டை, கீழ்த் துளைக்குக் கால் அங்குலம் நீளம் கூட. தட்டில் போட்டேன்.

10.6, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். ஒரு டாக்சிக்கு கிளட்ச், ஒரு பம்பர் நிமிர்த்தல்.

செல்வராஜ் புது சென்சாரை வைத்து, மேல் துளைக்கு நீள போல்ட்டை எடுத்தான். பார்த்தேன். வாயைத் திறந்தேன், சத்தியமாக. அந்நேரம் பாய் கார்க்கார சேட்டிடம் செல்வராஜைக் காட்டி, "ஃபிகர் மத் கரோ சேட், ஏ மேரா நம்பர் ஒன் மிஸ்திரி" என்றார்; கவலை வேண்டாம், இவன்தான் என் முதல் நம்பர் மெக்கானிக்காம். மூடிக்கொண்டேன்.

போல்ட் பாதியில் நின்றது. ஸ்பேனரில் ஒரு இழு இழுத்தான். டிக். சென்சார் உட்காரும் அலுமினிய மூடியில், துளையைச் சுற்றி விரிசல்.

சேட் முன்னாலேயே பாய் கத்தல். "இதத்தான் துபாய்ல படிச்சியாலே?"

"என் தப்புதான் பாய். அளந்து பாக்காமப் போட்டுட்டேன்" என்றான் செல்வராஜ்.

சாயங்காலம் பாய் என்னிடம்: "இனி இத நீரே பாரும்."

ஜிலேபி வாங்கிப் போனேன். என்ன விசேஷம் என்றாள் வீட்டுக்காரி. சும்மா என்றேன்.

12.6, வியாழன்

குர்லா பழைய சாமான் கடையில் மூடி கிடைத்தது. மாட்டினேன். போல்ட் இரண்டும் அதனதன் இடத்தில். எஞ்சின் இருமியது, அணைந்தது. ஆறு தடவை. பாய் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். வேறு வழி?

"செல்வா, கொஞ்சம் வா."

வந்தான். சென்சாருக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றை விட்டுப் பார்த்தான். "கேப் ஜாஸ்தி அண்ணாச்சி." போல்ட்டைத் தளர்த்தினான், சென்சாரை மயிரிழை நகர்த்தினான், இறுக்கினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிதானமான சத்தம். என் கைக்கு வராத சத்தம்.

"அன்னைக்கு நான் நீள போல்ட்ட எடுத்தத நீங்க பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேன்."

"சொல்லிருக்கலாம்லா."

அவ்வளவுதான். போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை.

13.6, வெள்ளி

பாய் ஜும்மா முடிந்து வந்ததும் சொன்னேன். தெரிந்தே பேசாமல் இருந்தேன் என்று. "இத்தன வருசம் எங்கூட இருந்துட்டு... போம், வேலையப் பாரும்."

சேட் காரை எடுத்துப் போனார். அவருடைய தம்பியும் ஜப்பான் கார் கொண்டுவருகிறாராம். அது செல்வராஜுக்கு. நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் வயிறு எரிகிறது.

செல்வராஜை டீக்குக் கூப்பிட்டேன். "குடிச்சிட்டேன் அண்ணாச்சி" என்றான். பத்து நிமிஷத்தில் பக்கத்துக் கடை வெல்டிங்காரனோடு நின்று டீ குடிக்கிறான். சிரிப்பு வேறு. அந்த வெல்டிங்காரனைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.