கருகிப்போன கண்ட்ரோலர்

ஷெரின்,

நம் பயண டிரெய்லருக்கு வேறு சோலார் கண்ட்ரோலர் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது, டிரெய்லர் சாவி பைபிள் பக்கத்தில்.

மூன்று நாளாக நான் பேசாதது கோபத்தால் இல்லை. பேட்டரிக்கு முன்னால் பேனலை மாட்டி, இருந்த கண்ட்ரோலரைக் கருக்கிவிட்டேன். "எதை முதல்ல மாட்டணும்னு கூட வந்த தாள்ல போட்டிருக்கும், செத்த படிங்க" என்று நீ சொன்னாய். தடித்தடியாகப் புத்தகம் படிக்கிறவனுக்கு ஒற்றைத் தாள் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பேனல் தருவதில் பாதியை வீணாக்கும் அந்த மலிவு வகை இனி வேண்டாம். பேனல் தருவதை முழுசாக எடுக்கும் என்று நீ சொன்ன எம்பிபிடி வகைதான். சனிக்கிழமை பயணம் உண்டு.

உன் அண்ணன் வந்தால் டிரெய்லரைத் திறக்காதே; கருகிய வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

எட்வின்

பி.கு.: இம்முறை ஒயரை நீயே மாட்டு. நான் பக்கத்தில் பேசாமல் நிற்கிறேன். அது எனக்கு நன்றாக வரும்.